தாய்வீட்டில் பிறந்த குழந்தை

என் மகள் பிரிட்டிஷ் குடிமகள், பிறந்தது நன்னிலத்தில். எங்கள் வீட்டில் இது யாருக்கும் விசித்திரமாகப் பட்டதில்லை. என் கணவர் சிறு வயதிலேயே இங்கிலாந்து போய், ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையை வாங்கிய பிறகுதான் என்னைத் திருமணம் செய்துகொண்டார். அவருடைய பெற்றோரையும் நிலத்தையும் பார்த்துக்கொள்ள நான் இங்கேயே தங்கினேன். மகள் பிறந்ததும் அவருடைய குடியுரிமைச் சான்றிதழையும் எங்கள் திருமணப் பதிவையும் எடுத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு சென்னைக்குப் போய் அவளுக்கு பாஸ்போர்ட் எடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள், "நீங்க ஏம்மா அவர்கூடப் போகல?" என்று கேட்டார். "நடவு நேரங்க" என்று சொன்னேன். அந்த வருடத்துக்கு அது உண்மையான பதில்தான்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். "என்ன விசேஷம்?" என்று அவர் கேட்டவுடன் எனக்கு எல்லாம் மறந்துபோகும். அதனால் அன்றன்று நடந்ததை எழுதி வைக்கப் பழகினேன். வாய்க்காலில் தண்ணீர் வந்தது, நாற்று விட்டது, மகளுக்குக் காய்ச்சல் என்று எல்லாவற்றையும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துப் படிப்பேன். மகள் பள்ளிப்படிப்பு முடிந்ததும் அவரிடம் போனாள். அங்கே நர்சிங் படித்து, ஒரு மருத்துவமனையில் வேலைக்கும் சேர்ந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் அங்கேயே மாரடைப்பில் இறந்தார். எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை.

மகளைச் சீர்காழியில் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. இங்கிலாந்து விசாவுக்காகக் காத்திருந்தார். அவள் உண்டானதும் சம்பந்தியம்மாள் போன் செய்தார்.

"தலப்பிரசவம் தாய்வீட்டுலதான் சம்பந்தி. எங்க வீட்டுல அதுல மாத்தமே கெடையாது. புள்ளத்தாச்சிய அந்தக் குளுருல தனியா விட்டுட்டு நீங்க இங்க நிம்மதியா தூங்கிடுவீங்களா?"

மகளும் வரத்தான் ஆசைப்பட்டாள். ஏழாம் மாதம் வந்தாள். வளைகாப்பு நடந்தது. திருவாரூரில் பெண் குழந்தை பிறந்தது. நான் இவளைப் பெற்றதும் இப்படித்தான். இவளுக்கு பாஸ்போர்ட் கிடைத்தது, இவள் குழந்தைக்கும் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றி, மொழிபெயர்த்து, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி விண்ணப்பம் அனுப்பினோம்.

கிடைக்காது என்று பதில் வந்தது. அங்கே போய்க் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டில் பிறக்கும் தன் பிள்ளைக்கு அதைக் கொடுக்க முடியும். ஆனால் அப்படிப் பெற்ற அந்தப் பிள்ளை, தனக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். மகள் அங்கேயே பிரசவித்திருந்தால் குழந்தை பிறந்த நிமிடமே பிரிட்டிஷ். அவர்கள் வெளிநாடு என்று சொன்னது திருவாரூரை.

அன்று சம்பந்தியம்மாள் இங்கேதான் இருந்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"தாத்தனுக்கு இருக்கு, ஆத்தாளுக்கு இருக்கு, இதுக்கு மட்டும் இல்லன்னா அது என்ன சட்டம்?"

"லண்டனுக்குப் போன் போட்டுத் தரேன் அத்த, நீங்களே கேளுங்க" என்றாள் மகள். "வளைகாப்புக்கு நாள் பாத்துக் கொடுத்த ஜோசியரையும் லைன்ல சேத்துக்கலாம்."

"பேசுடி. பேச்சுக்குக் கொறச்சலே இல்ல."

மகள் சிரித்தபடிதான் சொன்னாள். அன்று முழுவதும் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை.

வேறொரு வழி இருந்தது. தாய் அந்த நாட்டில் மூன்று வருடம் வாழ்ந்திருந்து, தாயின் தகப்பன் அங்கே குடியுரிமை பெற்றவராக இருந்தால், குழந்தையைக் குடிமகளாகப் பதிவு செய்யக் கேட்கலாம். இரண்டும் எங்களிடம் இருந்தன. அவருடைய சான்றிதழ், பழைய பாஸ்போர்ட்டுகள், மகளின் சம்பளச் சீட்டுகள், எங்கள் கல்யாணப் படம் வரை சேர்த்தேன். ஒரு தாள்கூடக் குறையவில்லை. ஆனால் பதில் வர மாதக்கணக்காகும். அதற்குள் விசா எடுத்துக் கூட்டிப்போகலாமா என்று விசாரித்தோம். அதற்குத் தகப்பனும் அங்கே குடியிருக்க வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளையின் விசா அப்போதும் வந்திருக்கவில்லை.

மகளின் பிரசவ விடுப்பு முடிந்தது. வேலை போனால் வீடு போகும், அவள் சம்பளத்தைக் காட்டிக் கேட்டிருந்த மாப்பிள்ளையின் விசாவும் போகும். அவள் போனாள். திருச்சி விமான நிலையத்துக்குக் குழந்தையைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் வாசலில் குழந்தையோடு நின்றேன். காரில் ஏறியவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அதன்பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர். அவ்வளவு காலம் தனியாக இருந்தவளுக்கு இது துணை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மகளின் குழந்தையை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு ஒரு நாளும் போகவில்லை. போனில் மகளின் முகம் வந்தால் குழந்தை எட்டித் தொடும். பிறகு போனைத் திருப்பி அதன் பின்பக்கம் பார்க்கும். அங்கே யாரும் இல்லை என்றதும் கீழே போட்டுவிடும். நான் தினமும் படத்தைக் காட்டி "அம்மா" என்று சொல்லிக் கொடுத்தேன், என்னைக் காட்டி "அம்மாச்சி" என்றேன். பேச்சு வந்தபோது அது என் சேலையை இழுத்து, "ம்மா" என்றது. மகள் போனில் இருந்தாள்.

"யாரைம்மா கூப்புடறா?" என்றாள்.

"உன்னத்தான்."

"நான் இங்கல்ல இருக்கேன்."

குழந்தையின் பதிவுச் சான்றிதழ் ஒருவழியாக வந்தது. பிறகு பாஸ்போர்ட்டுக்கு மீண்டும் ஒரு விண்ணப்பம், மீண்டும் காத்திருப்பு. அதுவும் வந்த பிறகு, குழந்தையிடம் இந்திய விசா இல்லாததால் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். பிறந்த மாவட்டத்திலிருந்து கிளம்ப அனுமதி! அதையும் வாங்கினோம்.

மகள் கூட்டிப்போக வந்தாள். குழந்தை அவளிடம் போகவில்லை. கையை நீட்டினால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது. சோறு ஊட்டினால் துப்பியது. மகள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் யாரோன்னு நெனைக்கிது" என்றாள். குரலில் கோபம் இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. இப்படியே விமானத்தில் ஏற்ற முடியாது. அங்கே போன பிறகு அதைச் சமாதானப்படுத்த நான் இருக்கப்போவதில்லை.

நான் மாற்றுச் சேலைகளை ஒரு பையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அது எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவரின் வீடு. அவர் மனைவி நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சொந்த வீட்டுலேந்து பையத் தூக்கிட்டு வரீங்க? மருமவ தொரத்திட்டாளா?"

"எனக்கேது மருமவ? பேத்திதான்."

நான் கண்ணில் படாமல் இருந்தால்தான் குழந்தை தாயிடம் ஒட்டும் என்று சொன்னதும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, பாயை எடுத்துப் போட்டாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். குழந்தை என்னைத் தேடி அழுவது கேட்டது. மகள் பாடுவது, அதட்டுவது, பிறகு அவளும் சேர்ந்து அழுவது எல்லாம் கேட்டது. அறுவடை இயந்திரம் வயலில் ஓடும்போது மட்டும் எதுவும் கேட்காது. அந்த நேரத்தில் நான் களத்தில் போய் நின்றுகொள்வேன். ஒரு காலையில் இயந்திரம் நின்ற பிறகும் சத்தம் இல்லை. பயந்துபோய்ச் சுவரோரம் வந்து நின்றேன். உள்ளே குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. மகள் எதையோ ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறாள் போலிருந்தது. நான் உள்ளே போகவில்லை. அவர்கள் கிளம்பும்வரை அந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். கார் போன பிறகு வந்து கதவைத் திறந்தேன்.

குழந்தை அங்கே பழகிவிட்டது. மாப்பிள்ளையும் விசா வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். சென்ற மாதம் மகள் போன் செய்தாள்.

"ரெண்டாவதும்மா."

சந்தோஷம் என்றேன். உடம்பு எப்படி இருக்கிறது, வாந்தி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இந்தத் தடவையும் அங்க வந்துடறேன். இவளும் உன்கூடக் கொஞ்ச நாள் இருப்பா."

"வேணாம்மா. அங்கயே பெத்துக்க."

"நீ இல்லாம எப்புடிம்மா?"

"நான் விசாவுக்கு எழுதிப் பாக்கறேன்."

"கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னாலும் அங்கதான்."

 அவளுக்குப் பின்னால் குழந்தை யாரோடோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது. "அத்த கேட்டா என்ன சொல்றது?" என்றாள் மகள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "போன தடவதான் எல்லாம் கெடச்சிருச்சே. இப்பவும் எழுதிப்போட்டா வரும்ல?" என்றார்.

"வரும் சம்பந்தி. ஆனா வேணாம்."

"பெத்தவளே வீட்டுக்கு வராதன்னு சொல்றப்ப நான் என்னத்தச் சொல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.