லொறிக் கண்ணின் மச்சம்

கல்முனையில் ஓடுகிற நெல் லொறிகளின் பின்பலகையில் கீறியிருப்பவை என் பொஞ்சாதியின் கண்கள் என்று ஒன்பது நாள் நம்பியிருந்தேன். ஐம்பது வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அறிவு அவ்வளவுதான்.

அந்தச் சோடிக் கண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மை தீட்டி, புருவம் வளைத்து, பின்னால் வருகிறவனை முறைத்தபடியே போகும். பிரதான வீதியில்தான் என் புடவைக் கடை. நாவிதன்வெளி நெல்லெல்லாம் அந்த வழியால் வரும். ஒருநாள் நெரிசலில் ஒரு லொறி கடைக்கு முன்னால் நின்றது. இடக் கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். அடுத்த லொறியிலும் அதே இடத்தில் அதே மச்சம்.

என் பொஞ்சாதி முகம் மூடித்தான் வெளியே போவாள். துணி என் கடைத் துணி. ஊருக்குத் தெரிவது இரண்டு கண்ணும், இடக் கண்ணுக்குக் கீழே உள்ள மச்சமும் மட்டும்தான். ஆக, எவனோ பார்த்திருக்கிறான். ஒருதரம் இல்லை, நின்று நிதானமாக.

சோறு தின்னும்போது மெல்ல விட்டுப் பார்த்தேன். “லொறிக்குப் படம் கீறுற பெயின்ட் பாஸைத் தெரியுமா?”

“ஏன், லொறி வாங்கப் போறீங்களா? மோட்டார் சைக்கிளையே மதிலோட சாத்தித்தான் நிப்பாட்டுறீங்க.”

தெரியாது என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? மறுநாள் கலியாண வீட்டுக்குப் போகக் கண்ணுக்குச் சுருமா வேறு போட்டாள். மீன் சந்தைக்குப் போனபோது பத்தடி தள்ளி நானும் போனேன். அவள் திரும்பிப் பார்க்காமலே பையை நீட்டினாள். “வாறதெண்டா இதைத் தூக்கிட்டு வாங்க.”

ஒன்பதாம் நாள் பெயின்ட் பாஸின் பட்டறைக்கே போனேன். தடித்த கண்ணாடி போட்ட வயசாளி, ஊருக்கே அண்ணன் முறைக் காக்கா.

“காக்கா, லொறியில நீங்க கீறுறது யார்ட கண்?”

“என்ட கண்தான் தம்பி. முதல் லொறிக்குக் கீறக்குள்ள பார்த்துக் கீற வேற ஆள் இல்ல. லொறிட சைட் கண்ணாடியக் கழட்டி முன்னால வெச்சிக்கிட்டன்.”

அவர் முகத்தில் மச்சம் இல்லை. “அப்ப மச்சம்?” என்றேன். குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

“ஏன் தம்பி வேர்க்குது?”

“வெயில்,” என்றேன். நாங்கள் நின்றது கூரைக்குக் கீழே.

அந்த முதல் லொறியின் பலகையில், இடக் கண்ணுக்குக் கீழே ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருந்ததாம். கழற்றினால் பலகை விழுந்துவிடும். அதனால் அதற்குக் கறுப்படித்தார். பார்த்த சாரதிகள் எல்லாரும் தங்கள் லொறிக்கும் அதே கண்ணை மச்சத்தோடு கேட்டார்கள்.