மலிவுச் சாயத்தில் மறைத்த முகம்

சேலத்தில் என்னோடு தொழில் பழகிய நண்பர்களே,

இண்டூரில் ஸ்டுடியோ திறந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்று மதியத்திலிருந்து நான் பிரஷ்ஷைத் தொடவில்லை.

போட்டோவில் வேண்டாததை மறைக்க நல்ல சாயமாக வாங்கச் சொன்னீர்கள். நான் விலையைக் கேட்டு மிரண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாட்டர் கலர் டப்பாவை வாங்கி வந்தேன்.

முதலில் வந்த வேலை ஒரு குடும்பப் படம். இறந்துபோன முதல் மனைவியை மறைத்துத் தரச் சொன்னார் ஒரு விவசாயி. அவருக்கு மறு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு திரைச்சீலை வரைந்தேன். அசல் திரை போலவே இருந்தது.

இன்று அதே படத்தோடு வந்தார். கூடவே புது மனைவி.

"மழையில வூடு ஒழுவி போட்டோ நனைஞ்சிருச்சுங்க. பாருங்க, அவ வந்துட்டா" என்றார் அவர்.

திரை கரைந்து வழிந்திருந்தது. அதற்குள்ளிருந்து அந்தப் பெண் நேராக என்னைப் பார்த்தாள்.

"இந்த வாட்டி நல்ல கலராப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பீடி பற்றவைக்க வெளியே போனார்.

புது மனைவி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்:

"நாளைக்கு என்னை மறைக்கச் சொல்லிக் கொண்டாந்தாலும், இந்தக் கலர்லயே மறைங்கண்ணா."

நல்ல சாயம் எங்கே கிடைக்கும் என்று யாரும் எழுத வேண்டாம். வாங்கலாமா என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள்.