ஈயத்துக்குக் கட்டிய நூல்

குமார் அண்ணையின் இடது கண்ணைப் போக்கியவன் நான்.

விபத்து என்று சொல்லாதீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவரும் அப்படித்தான் நம்புகிறார். ஆற்றடியில் கிடந்த ஒரு கல், அவசரப்பட்டு இழுத்த ஒரு கை, திரும்பிப் பறந்து வந்த ஒரு ஈயக்கட்டி... மொன்றியலில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு இவ்வளவுதான் கதை. அந்த ஈயத்தை நூலில் கட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்? அப்போதும் பொய்தான் சொல்லியிருப்பேன்!

உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர். அறிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

காரணம் பொறாமை. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன்... அவமானம் என்றேன், கோபம் என்றேன். எதுவும் பொருந்தவில்லை. வெறும் வயிற்றெரிச்சல்!

குமார் அண்ணை யாழ்ப்பாணத்தில் கிணறும் தோட்டமும் உள்ள ஒரு ஊர்க்காரர். திருவிழாவுக்குப் போகும் வழியில் கடலைப் பார்த்ததோடு சரி. இங்கே ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் சின்ன வீடொன்று வாங்கி, பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் ஓட்டினார். பிள்ளைகள் அவரைப் பிரெஞ்சில் 'மிஸ்யூ குமார்' என்று கூப்பிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். இந்த நாட்டுக்கு வந்த பிறகே முதன்முதலாகத் தூண்டில் தடியைத் தொட்டார். பிறகு பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டு வாசலில் அலுமினியப் படகொன்று வந்து நின்றது.

ஞாயிறு தோறும் மீன் பிடித்து வீடு வீடாகக் கொடுப்பார். மஞ்சள் தடத்து மெட்ரோ ரயிலில் ஏறி, மாறி, கோட்-டெ-நெய்ஜில் எங்கள் மூன்றாம் மாடிவரை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருவார். "தங்கச்சி, உடனை கறி வையுங்கோ, இப்ப பிடிச்சது!" என் மனைவி மெற்றில்டா குழம்பை ருசி பார்த்துவிட்டு, "கைராசி உள்ள மனிசன்" என்பாள். அந்தக் குழம்பு என் தொண்டையில் இறங்காது.

படகுக்காகவா எரிந்தேன்? இல்லை. வீட்டுக்காகவா? அதுவும் இல்லை. மீனைப் பற்றி அவர் சபை நடுவே வாய்விட்டுப் பேச முடிந்ததே... அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் மன்னார்க் கரையில் பிறந்தவன். என் அப்பா கடலுக்குப் போனவர். மீசை அரும்புமுன் நானும் போனேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது, பாருங்கள்!

இங்கே யாரும் சாதியைக் கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள். பிறகு, அப்பா என்ன செய்தவர் என்பார்கள். அந்த இரண்டு கேள்வியிலேயே அறிய வேண்டியதை அறிந்துகொள்வார்கள். இந்த நகரத்துக்கு வந்த புதிதில், குமார் அண்ணையின் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பெரியவர் அந்த இரண்டாம் கேள்வியை என்னிடம் கேட்டார்.  "அப்பா அரசாங்கக் கச்சேரியிலை கிளாக்கர்" என்றேன்.

மெற்றில்டா அன்று பஸ்ஸில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்? மாமா செத்து மண்ணாப் போனவர், அவரை ஏன் இன்னொருக்காப் புதைக்கிறியள்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிளாக்கரின் மகனுக்கு மீன் தெரியக்கூடாது அல்லவா? ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. ஜான்-டலோன் சந்தையில் மீன் தட்டுக்கு முன்னால் நின்று குமார் அண்ணை எனக்குப் பாடம் எடுப்பார். "கண்ணைப் பார் தாசன். கண் கலங்கியிருந்தா வாங்காதை." நான், "ஓமோ அண்ணை!" என்று வியந்து தலையாட்டுவேன். உள்ளே எனக்கு நெருப்பு! என் அப்பன் செய்தால் இழிந்த தொழில், இவர் செய்தால் பொழுதுபோக்கா? எனக்கு வாயைப் பூட்டிய அதே மீன் இவருக்கு மாலை போடுமா?

அவர் அதற்கு என்ன செய்வார், பாவம்! அவரா என்னைப் பொய் சொல்லச் சொன்னார்?

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. அப்போதுதான் 'ஸ்ட்ரைப்ட் பாஸ்' என்ற மீன் அவர் தலைக்குள் புகுந்தது. உடம்பு நெடுகக் கோடு கோடாக ஓடும் பெரிய கடல்மீன். அமெரிக்க எல்லையைத் தாண்டி, மெய்ன் கரையில், ஆறு கடலில் விழும் வாய்களில் படகிலிருந்து பிடிக்கலாமாம். படத்தைக் கண்டதுமே எனக்குத் தெரிந்தது... எங்கள் கொடுவா மீனின் ஒன்றுவிட்ட தம்பி! வாயையும் செவுளையும் பார்த்தே அது எங்கே நிற்கும், எதைத் தின்னும் என்று சொல்லியிருப்பேன். "வடிவான மீன் அண்ணை" என்றேன்.

கோடையில் மூவரும் போவது என்று முடிவாயிற்று. அவர், நான், அவரோடு பஸ் ஓட்டிய ரவி. அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, லொங்குய்க்குப் பக்கத்தில் ஆற்றிலேயே ஒத்திகை பார்ப்பதாக ஏற்பாடு.

முதல் நாள் பின்னேரம் அவர் வீட்டு நிலவறையில் சாமான்களைப் பரப்பினார். நீட்டுத் தடிகளை ஒதுக்கினார். கரையில் நின்று எறிவதற்குத்தான் அவை, படகுக்குக் குட்டைத் தடி, அடி தடித்தது வேண்டும் என்றார். சரிதான். விலாங்கை உயிரோடு தூண்டிலில் கொழுவுவதா, வெட்டின மீன் போடுவதா என்று ரவியோடு வாதாடினார். மீனின் கடைவாயில் மாட்டும்படி உள்ளே வளைந்த தூண்டில்களைத் தெரிந்தெடுத்தார். அதுவும் சரி! எல்லாமே சரி! பத்திரிகை படித்துப் படித்தே மனிதர் கற்றிருந்தார். ரவி சிரித்தான்: "அண்ணைக்கு ஆர் சொல்லிக்குடுக்கிறது? மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்கவேணுமே!"

அந்தப் பழமொழி! அது யாருக்கு உரியது? எனக்குரிய ஒரே பட்டத்தையும் எடுத்து அவர் தலையில் சூட்டிவிட்டான்...

"மீன் பிடிக்கிறதுக்கும் மூளை வேணும் தாசன்," என்றார் குமார் அண்ணை, சூது இல்லாமல். "ஊரிலை சும்மா வலையை எறிஞ்சு இழுக்கிறவங்களுக்கு இதெல்லாம் விளங்காது."

அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! அந்தச் சொல்லுக்கு முன்பே நான் கெட்டிருந்தேன். ஒரு சாக்குக்காகக் காத்திருந்தேன்.

கடைசியில் அடிமட்டத் தூண்டில் கட்டும் வேலை வந்தது. ஒரு சிறு சுழல் வளையத்தில் மூன்று நூல்கள்: ஒன்று தடிக்குப் போகும், ஒன்றில் இரை, ஒன்றில் ஈயம். அவர் விரல்கள் தடித்தவை. "நீ கட்டு தாசன், உன்ரை கை நிதானமான கை" என்று தங்கூசி நைலான் நூல் சுருள்களை என் பக்கம் தள்ளினார்.

நான் கட்டினேன். எத்தனை காலத்துக்குப் பிறகு! விரல் தன்பாட்டில் ஓடியது. முடிச்சு விழுந்ததும் எச்சிலால் நனைத்துப் பல்லால் இறுக்கினேன். குமார் அண்ணை வாயைப் பிளந்தார். "அட, எங்கையடாப்பா பழகினனி?"  "ஆசுப்பத்திரியிலை அண்ணை... டொக்டர்மார் தைக்கிறதைப் பாக்கிறனான்." ஆசுப்பத்திரியில் நான் கட்டில் தள்ளுகிறவன். அவர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். கல் நிறைந்த அடித்தளத்தில் ஈயத்துக்குக் கட்டும் நூல்தான் எல்லாவற்றிலும் மெல்லியதாக இருக்க வேண்டும். ஈயம் கல்லில் மாட்டினால் அந்த நூல் மட்டும் அறும், மற்றதெல்லாம் தப்பும். என் அப்பா தூண்டிலின் எடைக்கல்லை உக்கிப்போன பழைய நூலால்தான் கட்டுவார். அதை நான் மறக்கவில்லை. எனக்கும் ரவிக்கும் மெல்லிய நூலால் கட்டினேன்.

குமார் அண்ணைக்குத் தடித்த தங்கூசியால் கட்டினேன்.

கண்ணைக் குறிவைத்தா? ஐயோ, இல்லை! அவர் தூண்டில் கல்லில் மாட்ட வேண்டும். இழுத்து இழுத்து அலைய வேண்டும். ஆசையாக வாங்கியதெல்லாம் அறுந்து ஆற்றோடு போக வேண்டும். ரவி சிரிக்க வேண்டும். அந்த நேரம் என் தடியில் மீன் ஏற வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். இவ்வளவும் போதாதா ஒருவனைக் கெட்டவன் என்று சொல்ல?

மறுநாள் நல்ல வெயில். நங்கூரம் போட்டோம். ஆறு இழுத்துக்கொண்டு ஓடியது. எனக்கு ஒரு நடுத்தர மீன் ஏறியது. "பாரடா, கிளாக்கர் மகனுக்கும் மீன்!" என்று குமார் அண்ணை என்னைவிட அதிகமாக மகிழ்ந்தார்.

சற்றுப் பொறுத்து அவர் தடி வில்லாக வளைந்தது. "பெரிசு! தாசன், பெரிசு ஒண்டு!" என்று எழுந்து நின்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழந்தைப்பிள்ளையின் முகம்.

அது மீன் இல்லை. மீன் தலையாட்டும், கல் ஆட்டாது. தடியின் நுனியைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. தடியைத் தாழ்த்துங்கள், முகத்தைத் திருப்புங்கள், நூலைத் துணியில் சுற்றிப் பக்கவாட்டில் இழுங்கள்... இதைத்தான் கத்தியிருக்க வேண்டும். தங்கூசி இழுபட்டுக்கொண்டே போகும், விடுபட்டால் சுண்டிக்கொண்டு திரும்பும் என்பது எனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பின்னால் சாய்ந்து சாய்ந்து அவர் இழுத்தார். எனக்கு நேரம் இருந்தது. மெய்யாகவே இருந்தது!

நான் பேசாமல் இருந்தேன். கத்தினால் எனக்குத் தெரியும் என்பது வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேனா? அல்லது பார்க்க ஆசைப்பட்டேனா? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாய் திறக்காமலே கெட்டேன்.

நூல் அறவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தேன். கல்தான் ஈயத்தை விட்டது.

அவரை நான் வேலை செய்யும் ஆசுப்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். சத்திரசிகிச்சை அறைவரை அவர் கட்டிலைத் தள்ளிப்போனவன் நான்தான். வழி நெடுக என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "என்ரை அவசரப்புத்தி தாசன்... நீ நிண்டபடியாத் தப்பினன்" என்றார். கையை இழுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

கண் போயிற்று. பஸ் ஓட்டும் உரிமமும் போயிற்று. இப்போது தெப்பனேர் என்கிற ஒரு மூலைக்கடையில் குளிர்பானப் பெட்டிகளை அடுக்குகிறார். மஞ்சள் பஸ் கடை வாசலைத் தாண்டும்போது சற்று நின்று பார்த்துவிட்டு மறுபடி அடுக்குவார். ஒருநாள் நானே கண்டேன். கோடு போட்ட அந்த மீனை அவர் இன்றுவரை கண்டதில்லை.

சொல்லிவிடலாமே என்கிறீர்கள். எத்தனை தடவை கிளம்பினேன் தெரியுமா! மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் முழந்தாளிட்டும் பார்த்தேன். "சாமி, நான் பொறாமைப்பட்டேன்" என்பதோடு நாக்கு நின்றுவிடும். மேலே சொன்னால் அந்த நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அது எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதற்கு என் அப்பாவைச் சொல்ல வேண்டும்...

இதோ, உண்மையான குற்றம் இதுதான். ஒரு மனிதரின் கண்ணைப் போக்கினேன் என்றுகூடச் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. நான் மீன்பிடிகாரன் மகன் என்று சொல்லத்தான் என்னால் முடியவில்லை! எதற்கு அதிகம் வெட்கப்பட வேண்டும் என்பதுகூடத் தெரியாதவன் நான்.

போன கிழமை அவர் தொலைபேசி எடுத்தார். "தாசன், இந்தக் கோடை மெய்னுக்குப் போவம். ரவியும் வாறானாம்." நான் போனபோது நிலவறையில் மறுபடி சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். ஒற்றைக் கண்ணால் நூலைத் தூண்டில் காதுக்குள் கோக்கப் பார்த்தார். நூல் ஒவ்வொரு முறையும் காதுக்கு வெளியே போயிற்று. சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார். "நீயே கட்டித் தா. நீ கட்டினா எனக்குப் பயமில்லை."

கட்டினேன். ஈயத்துக்கு மெல்லிய நூல் எடுத்தேன். அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது மெல்லிசாக் கிடக்கே?"

"ஓம் அண்ணை. கல்லிலை மாட்டினா ஈயம் மட்டும் போகும்."

 அவருக்கு இருந்த ஒரு கண்ணும் என்னைப் பார்க்கவில்லை, நூலையே பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டார்.

"அண்டைக்கு உனக்கு இது தெரியாதெல்லோ, தாசன்?"

அது கேள்வியா? அல்லது நான் வெளியே வருவதற்கு அவர் திறந்துவைத்த கதவா? இத்தனை ஆண்டுகள் நான் தேடியது அந்தக் கணம்தான். ஒரு சொல் போதும்...

"ஓம் அண்ணை," என்றேன். "தெரியாது."

"அதுதானே," என்றார் அவர். அடுத்த தூண்டிலை எடுத்து என் கையில் வைத்தார்.