பலாப்பிஞ்சு குடைந்த அந்துப்பூச்சி

எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் இருக்கும் என் அக்காவின் தோட்டத்துப் பலா இந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்தது. அவள் கணவர் நட்ட மரம். காய்ப்பதைப் பார்க்க அவர் இல்லை. பிஞ்சுகள் கறுத்து விழத் தொடங்கியதும் அக்கா மகன் மரத்தை வெட்டிவிட முடிவு செய்தான்.

"வேர்லயே சீக்குங்க மாமா. மத்த மரத்துக்கும் தொத்திக்கும். திங்கக்கெழமை ரம்பத்தோட ஆள் வருதுங்க."

மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியை அக்கா தடவிக்கொண்டு நின்றாள்.

விழுந்தவற்றைப் பிரித்துப் பார்த்தேன். விரல் போல் மெலிந்தவை ஆண் பூக்கள். அவை கறுத்து உதிர்வது இயல்பு. உருண்ட பிஞ்சுகளில்தான் ஓட்டை இருந்தது, அதன் வாயில் ஈரமான எச்சம். ஒன்றை நறுக்கியதும் செம்பழுப்புப் புழு நெளிந்தது.

"சீக்கில்லை, புழு" என்றேன்.

"என்ன புழுன்னு தெரியாம எப்படிங்க மாமா உடுறது?"

நியாயமான கேள்வி. தண்டைக் குடையும் வண்டின் புழு என்றால் மரம் தங்காது. ஆளைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, ஓட்டை விழுந்த இன்னொரு பிஞ்சை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மேலே மெல்லிய துணி கட்டிச் செம்மேட்டில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு காலையில் துணியின் அடியில் சிறிய அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. வெள்ளை இறகு. பூசணிக் கொடியில் வருவது என்றே முதலில் நினைத்தேன். ஆனால் அதற்கு இறகின் ஓரம் அகலமாகக் கறுத்திருக்கும். வால் நுனியில் குஞ்சம் இருக்கும். இதற்கு இரண்டும் இல்லை. வெள்ளையின் மேல் பழுப்புக் கோட்டில் வளையங்கள். பலாப்பிஞ்சைக் குடைவதுதான், மரத்தைக் கொல்லாது.

பாட்டிலை அக்காவிடம் நீட்டினேன்.

"புதுப்பொண்ணாட்டம் இருக்குது! இதுவா சாமி அத்தனையும் தின்னுச்சு?"

"இது தின்னாதுக்கா. இதோட புள்ளைங்க."

"ஆத்தா சிங்காரிச்சுக்கிட்டுத் திரியறா, புள்ளைங்க திருடுதுங்களாக்கும்."

மகன் சிரித்துவிட்டு, ஆள் வேண்டாமென்று போன் செய்தான்.

ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் பிஞ்சுகளில்தான் இந்தப் பூச்சி அதிகம் விழும். கொத்துக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். முதல் காய்ப்பு, அவர் கொடுத்தது என்று அக்கா அதுவரை ஒன்றையும் தொட விட்டதில்லை. இப்போது அவளே என் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். ஒவ்வொரு பிஞ்சையும் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டுதான் அறுத்தாள். பிறகு வீட்டுக்குள் போய் அவருடைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, மிஞ்சிய பிஞ்சுகளுக்குப் பை கட்டினாள்.

"பழம் பெருத்தா வேட்டி பத்தாதும்மா" என்றான் மகன்.

"இன்னொண்ணு இருக்குது, போடா."