கிணற்றடியில் கழுவிய லொறி

"தம்பி, லொறி இண்டைக்கும் முழங்காலிலைதான் நடக்குது."

புங்குடுதீவில் வீடு வீடாகக் குடிதண்ணீர் ஊற்றும் தாங்கி லொறியான பவுசரின் சாரதி ஒரு திங்கட்கிழமை காலையில் என்னைப் போனில் இப்படிக் கூப்பிட்டார். வாகனத்தின் வருத்தத்தைச் சனங்கள் சொல்லும் விதத்தைக் கேட்பதற்காகவே நான் லொறி திருத்தும் இந்தத் தொழிலில் கிடக்கிறேனோ என்று சில வேளை நினைப்பதுண்டு. முழங்காலில் நடக்கிறது என்றால், எவ்வளவு மிதித்தாலும் வேகம் இருபதுக்கு மேல் போகாது. புகைக் கட்டுப்பாட்டில் பிழை கண்டால், புது லொறிகளில் கொம்பியூட்டர் தானாகவே எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடும்.

வேலணையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனேன். பையில் மின்சாரம் பார்க்கும் மீட்டரும் லொறியின் கொம்பியூட்டரைப் படிக்கும் ஸ்கேனரும். இரண்டையும் எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகியவை.

லொறி ஒரு அக்காவின் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்றது. அக்கா வாளியும் கையுமாக நின்றார்.

"நீர்தானோ வைத்தியர்? உந்த லொறி வாறதுக்கு முதல் மாரி வந்திடும் போலை கிடக்கு."

சாரதி சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர். என்னை ஒருபக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"பட்டினத்துக் கராச்சிலை சென்சரும் மாத்தவேணும், சைலன்சரும் மாத்தவேணுமெண்டு எழுதித் தந்தவை. முதலாளி கனடாவிலை. இன்னொருக்கா முன்னாலை பிழை காட்டுற லைற் எரிஞ்சா லொறியை வித்துப்போடுவன் எண்டிட்டார். இந்த வயசிலை எனக்கு ஆர் தம்பி ஸ்டியரிங் தருவினம்?"

ஸ்கேனரைப் பொருத்தினேன். சைலன்சரின் வால்பக்கத்தில் புகையின் நஞ்சை அளக்கும் சென்சர் ஒன்று இருக்கிறது. அதனிடமிருந்து பதில் இல்லை என்று குறி வந்தது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். எந்தச் சாமான் பழுது என்று குறி சொல்லாது, எங்கே பேச்சு நின்றது என்று மட்டுமே சொல்லும். ஒருவர் போன் எடுக்கவில்லை என்பதற்காக அவர் வீட்டில் செத்தவீட்டுப் பந்தல் போடுவோமா?

"அண்ணை, லைற் எந்த நாளிலை எரியுது?"

"திங்கள்தான். மற்ற நாளிலை எரியத் தொடங்கினதில்லை."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை லொறிக்கு என்ன நடக்குது?"

"முழுக்கு," என்றார் அக்கா படலையடியிலிருந்து. "தான் குளிக்கிறதிலும் பாக்க லொறியைக் குளிப்பாட்டுறதுதான் கூட."

சாரதிக்கு அதில் பெருமைதான். "கடலுக்குள்ளாலை போற தாம்போதி றோட்டாலை வரேக்கை ரெண்டு பக்கமும் கடல் தெறிக்குதெல்லே. விட்டா உப்புத் தின்னும். அதுதான் கிழமைக்கு ஒருக்கா மோட்டரைப் போட்டு அடியெல்லாம் பீச்சியடிக்கிறனான்."

சாக்கை விரித்து லொறிக்கடியில் படுத்தேன். சென்சர் வயரின் சொக்கெட்டில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. கழற்றிப் பார்த்தால் ஊசிகளில் பச்சைக் களிம்பு. மீட்டரை வைத்தேன். இருபத்துநாலு வோல்ற் வரவேண்டிய இடத்தில் ஒன்பதுதான் வந்தது. சென்சர் பட்டினி கிடந்திருக்கிறது, பாவம். பக்கத்து இரும்புச் சட்டத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"கடலுப்பு," என்றார் சாரதி, குனிந்து பார்த்தபடி.

"நேற்றுத்தானே கழுவினியள். எந்தத் தண்ணியாலை?"

ஒழுங்கை முடிவிலிருந்த கிணற்றைக் காட்டினார். எழும்பிப்போய் ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு வந்தேன்.

"அந்தத் தண்ணியை மாடும் மணந்துபோட்டுத் திரும்பிப் போகும்," என்றார் அக்கா.

"அண்ணை, கடலுப்பைக் கிணத்து உப்பாலை கழுவியிருக்கிறியள். அதுவும் பீச்சியடிச்சு உள்ளுக்கு ஏத்தியிருக்கிறியள். லொறியின்ரை முதுகிலை ஒரு தாங்கி நல்ல தண்ணி இருக்கேக்கை…"

"அது சனம் குடிக்கிற தண்ணி. அதாலை லொறி கழுவுறதோ? எனக்கு ஏலாது தம்பி."

சொக்கெட்டை மீண்டும் கையில் எடுத்துப் பார்த்தேன்.

ஆனால் உப்பை எடுக்க நல்ல தண்ணீர் வேணும். கேட்டதும் சாரதி பவுசரின் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா தன் வாளியை நீட்டினார். "முதல் எனக்கு ஊத்தும்." ஊற்றினார். நிறைந்த வாளியை அக்கா என் பக்கம் தள்ளினார். "இப்ப இது என்ரை தண்ணி. நான் குடுக்கிறன்."

சொக்கெட்டை அலசி, பிரேக்குக்கான காற்றுத் தாங்கியிலிருந்து குழாய் இழுத்து ஊதிக் காயவைத்தேன். அரித்துப்போன ஊசிகளை வெட்டிப் புதியவை போட்டேன். புது வளையம், மேலே கிறீஸ். மீட்டர் இருபத்துநாலு காட்டியது. குறியை அழித்தேன். எஞ்சின் தன் பலத்துக்குத் திரும்பியது.

"முடிஞ்சுதோ?"

"இல்லை அண்ணை. புகை நல்லாச் சூடேறினாத்தான் சென்சர் கண் திறக்கும். பாரத்தோடை ஒருக்கா ஓடுவம்."

வேலணைப் பக்கமாக விட்டோம். ஸ்கேனர் என் மடியில். அந்தச் சென்சரின் இடத்தில் வெறும் கோடு. தாம்போதியில் ஏறியும் கோடுதான். சாரதி ஸ்கேனரைப் பார்க்கவில்லை, லைற் எரியும் இடத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "றோட்டையும் கொஞ்சம் பாருங்கோ," என்றேன். நடுத் தாம்போதியில் கோடு போய் இலக்கம் வந்தது. ஏறியது, இறங்கியது, பிறகு நிதானமாக நின்றது. லைற் எரியவில்லை. வேலணையில் திரும்பி மீண்டும் புங்குடுதீவுக் கரைக்கு வரும்வரை எரியவில்லை.

சாரதி லொறியை ஓரங்கட்டி, முதலாளிக்குப் போனில் குரல்பதிவு போட்டார். "லொறி சரி. சாமான் ஒண்டும் பழுதில்லை. பிழை என்னிலை. உப்புத் தண்ணியாலை கழுவினனான். இனி உங்கடை விருப்பம்."

"பிழை என்னிலை எண்டதை விட்டிருக்கலாமே அண்ணை. ஆர் கேட்டது?"

"சொல்லாட்டி, நாளைக்கு என்ரை இடத்துக்கு வாறவனும் அந்தக் கிணத்திலைதான் கழுவுவான்."

முதலாளி இரவு வேலையில் இருந்திருக்கவேண்டும். மெசின் இரைச்சலுக்குள்ளால் பதில் வந்தது. "அப்ப ஏன் அண்ணை றோட்டிலை நிக்கிறியள்? சனம் தண்ணிக்குப் பாத்துக்கொண்டு நிக்கும். ஞாயிற்றுக்கிழமையிலை ஒரு பீப்பாய் நல்ல தண்ணி லொறிக்கும் விடுங்கோ. மற்றக் கதையை விடுவம்."

சாரதி அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டார். பிறகு கியரைப் போட்டார்.