செயற்கைக்கோள் விழட்டும் என்றிருந்த அழகன்

விண்வெளிக்குக் கொட்டுகிற காசைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் பேப்பரில் சண்டை போடுகிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த விஷயத்தில் அக்கறை இருந்த ஒரே ஆள் அழகன் அண்ணன்தான். ஒரு செயற்கைக்கோள் சீக்கிரம் கீழே விழ வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கடைசிக் காம்பிராவில், ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் சுலக்ஷனா படித்து ஜப்பானுக்குப் போய், ஒரு சின்னச் செயற்கைக்கோளைத் தரையிலிருந்து கவனித்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். "இது முடிஞ்சதும் வந்துருவேன்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். முடிந்தால்தானே.

அந்தச் செயற்கைக்கோள் பெட்டி தாழப் பறக்கிறதாம். அங்கேயும் கொஞ்சம் காற்று இருக்கிறதாம். அது இழுக்க இழுக்கப் பெட்டி மெல்ல இறங்கும். அதிலிருக்கும் எஞ்சினை முடுக்கி இவள் மறுபடி மேலே ஏற்றிவிட வேண்டும். ஏற்றும்போதெல்லாம் அவள் ஊருக்கு வருவது தள்ளிப் போகும்.

"நான் வளர்த்த புள்ள, அந்தப் பெட்டிய இடுப்புல வச்சுக்கிட்டு அலையுது" என்று சிரிப்பார். இன்னமும் இரண்டு பேருக்குச் சோறாக்கி, மிச்சத்தை நாய்க்குப் போடுகிற மனுஷனின் சிரிப்பு அது. எனக்குப் பார்க்கச் சகிக்காது.

இந்த வருடம் அங்கே காசை நிறுத்திவிட்டார்கள். இனி ஏற்ற வேண்டாம், விழுந்து எரியட்டும் என்று உத்தரவு. அழகன் அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. காம்பிராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அட்டனுக்குப் போய்ப் புதுப் போர்வை வாங்கி வந்தார்.

"மகளுக்கு வேலை போகுதுன்னு சந்தோஷப்படுற ஒரே அப்பன் நீங்கதாண்ணே" என்றேன். அதற்கும் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. காது மந்தம் என்பதால் சத்தமாகத்தான் வைப்பார். சுலக்ஷனா அழுதாள்.

"எரிஞ்சு போச்சுப்பா. நேத்து வரைக்கும் பதில் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. இங்க எனக்குன்னு அது மட்டுந்தான்பா இருந்துச்சு."

மகளும் அங்கே தனியாகத்தான் கிடந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப் போனது.

எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் வருடா வருடம் ரதி வேஷம் கட்டுபவர் அவர். சிவன் காமனை எரித்ததும் ரதி விழுந்து புரண்டு அழ, சுற்றி நிற்கிற சனம் ஒரே ஆறுதலைத்தான் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், அதையே எடுத்து மகளிடம் சொல்லிவிட்டார்.

"அழாதம்மா. எரிஞ்சா என்ன, மூணாம் நாளு எழுப்பிறலாம்."

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"நெசமாத்தான் சொல்றீங்களாப்பா? புதுசு ஒண்ணு ஏத்தப் போறாங்க. என்னை இருக்கச் சொல்லிக் கேக்குறாங்க. அஞ்சு வருஷமாகும். நீங்க தனியா இருக்கீங்களேன்னு, முடியாதுன்னு சொல்லத்தான் இருந்தேன்."

பழசைத் தாங்கிப் பிடிக்கக் காசில்லை, புதுசு செய்ய இருக்கிறது. எந்த ஊர் அரசாங்கமும் ஒரே லட்சணந்தான். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நான் கையை ஆட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இரும்மா. இருந்து எழுப்பிட்டு வா" என்றார்.

போனை வைத்துவிட்டு, புதுப் போர்வையை மடித்து ஓரமாக வைத்தார்.

"நான் சும்மா ஆறுதலுக்குத்தான் சொன்னேன் தம்பி" என்றார்.