உருட்டியே வந்த புல்லட்

திண்டுக்கல் ரயில் நிலையத்து வண்டி ஸ்டாண்டில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த தங்கமுத்துவுக்குக் கடைசிக் காலம் வரை வண்டி ஓட்டத் தெரியாது. இது யாருக்கும் தெரியாது. ஸ்டாண்டுக்காரனைப் பார்த்து உனக்கு ஓட்டத் தெரியுமா என்று யார் கேட்கப் போகிறார்கள்? சமையல்காரனிடம் சாப்பிடத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி. அவர் இறந்து நாலு மாதம் ஆகிறது. இனிமேல் சொன்னால் அவருக்கு வெட்கம் இல்லை.

சொந்த ஊர் எரியோடு பக்கம். கிணறு வற்றிய வருடம், இருபத்தேழு வயதில் டவுனுக்கு வந்து ஸ்டாண்டில் சேர்ந்தார். முதல் வாரத்திலேயே ஒரு தப்பு செய்தார். வெயிலில் நின்ற ஒரு மொபெட்டை நிழலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. சாவி அதிலேயே தொங்கியது. ஸ்டார்ட் செய்துவிட்டார். ஸ்டாண்டு குத்தகைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"உருட்டத்தேன் ஒனக்குச் சம்பளம். எஞ்சினு அவுகவுகளுது. பெட்ரோல் கொறஞ்சிருக்குன்னு ஒருத்தன் சொல்லிட்டாலும் ஸ்டாண்டு பேரு போச்சுலே."

அதற்குப் பிறகு எந்த எஞ்சினையும் அவர் தொடவில்லை. சொந்தமாக இருந்தது சைக்கிள் மட்டும்.

ஆனால் உருட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. எந்த வண்டிக்கும், அந்தச் சாய்வில் பிடித்தால் எடையே கைக்குத் தெரியாத ஒரு புள்ளி உண்டு. புது வண்டியென்றாலும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துவிடுவார். நூற்று அறுபது கிலோ புல்லட்டை இடுப்பில் சாய்த்து, ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து, இரண்டு வண்டிக்கு நடுவே ஒரு சாண் இடைவெளியில் நுழைத்துவிடுவார். மற்ற ஸ்டாண்டுகளில் புல்லட்டை வாசலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். இங்கே உள்ளே போகும்.

அப்படிப் போன புல்லட்டுகளில் ஒன்று சூசைமாணிக்கம் சாருடையது. மதுரையில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். தினமும் காலை ரயிலுக்கு மேட்டுப்பட்டியிலிருந்து அதில்தான் வருவார். கறுப்பு நிறம். எண்பத்தேழாம் வருட வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் செய்ய கிக்கர் மட்டும்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் அழைத்து வருவார். அந்த அம்மா ஒரு பக்கமாகக் கால் போட்டு, மடியில் குடையை வைத்து, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தபடி வந்து இறங்குவார். அவர்கள் ரயிலேறிய பிறகு தங்கமுத்து அந்தப் பின் சீட்டைத் துடைப்பார். மற்ற வண்டிகளை அவர் துடைத்ததில்லை.

தங்கமுத்துவின் மனைவி சண்முகவள்ளி பூ மார்க்கெட்டில் சரம் கட்டினாள். பிறந்த ஊர் நத்தம் ரோட்டில் சாணார்பட்டி. கல்யாணத்தன்று புகுந்த வீட்டுக்கு பஸ்ஸில் வந்தவள், இருபத்தாறு வருடமாக அம்மா வீட்டுக்கும் பஸ்ஸிலேயே போய்வந்தாள். நத்தம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அது விசேஷம். தங்கமுத்து பக்கத்தில் நின்றுகொண்டு, ஜன்னல் வழியே கடந்துபோகும் வண்டிகளின் பின் சீட்டுகளையே பார்த்துக்கொண்டு வருவார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவளைப் பின்னால் உட்காரவைத்து, அவள் அண்ணன் வீட்டு வாசல் வரை தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. இதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் சூசைமாணிக்கம் சாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. ரயில் ஏற வந்தவர் ஆட்டோவில் வந்தார்.

"வண்டியக் குடுத்துரலாம்னு இருக்கேன்யா. கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போனான். ஹேண்டில மாத்துவானாம், பெயிண்ட மாத்துவானாம். மனசு வரல."

"எனக்குக் குடுத்துருங்க சார்," என்றார் தங்கமுத்து. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

சார் தலையாட்டினார். "நான் ஓட்டுனதவிட நீ தொடச்சதுதான்யா ஜாஸ்தி. எடுத்துக்க."

சீட்டுப் பணம் கைவசம் இருந்தது. மகள் தமிழ்மதி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஓசூரில் கியர் தயாரிக்கிற கம்பெனியில் இருந்தாள். அவளும் அனுப்பினாள். பேர் மாற்றும் தாள்களில் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கையில் வைத்து, சூசைமாணிக்கம் சார் வாசல்படியில் உட்கார்ந்தார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாய்யா. போற சத்தத்தக் கடைசியாக் கேட்டுக்கிறேன்."

"பெட்ரோல் கம்மியா இருக்கும் சார்."

"நேத்துதான் டேங்க் நெறையப் போட்டேன்."

"இன்னைக்கு அஷ்டமி சார். இன்னைக்குக் கெளப்ப வேணாம்."

"எனக்கேதுய்யா அஷ்டமி?"

"ஒங்களுக்கு இல்ல சார். வண்டிக்கு இருக்குல்ல. இப்ப அது எங்க வண்டியாச்சே."

சார் சிரித்துவிட்டார். தங்கமுத்து வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு மேட்டுப்பட்டியிலிருந்து நாகல் நகர் வரை உருட்டிக்கொண்டே வந்தார். மேம்பாலம் ஏற்றம் என்று சுற்றிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் சண்முகவள்ளி பூக்கூடையோடு நின்றிருந்தாள்.

"ரிப்பேரா?"

"இல்ல."

"பெறகு ஏன் எருமைய ஓட்டிட்டு வார மாதிரி வாரீக?"

அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். அவள் வண்டியைச் சுற்றி வந்து, பின் சீட்டில் கைவைத்து அழுத்திப் பார்த்தாள். "மெத்துனுதான் இருக்கு," என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவருக்குத் தூக்கம் போனது.

மறுநாள் காலையில் ஸ்டாண்டுக்குப் புல்லட்டை உருட்டிக்கொண்டு போனார். மாலையில் உருட்டிக்கொண்டு வந்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஸ்டாண்டில் சீட்டுக் கிழிக்கும் அப்துல் வாஹித் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"தங்கமுத்தண்ணே, நீ புல்லட்டு வாங்குனியா, இல்ல நிக்காஹ் பண்ணிக்கிட்டியா? தெனமும் கையப் புடிச்சுல்ல கூட்டிட்டு வார."

"புது வண்டில்ல. பழகணும்."

"எண்பத்தேழு மாடலாம், புது வண்டியாம்."

ஒரு மாதம் கழித்து தமிழ்மதி லீவில் வந்தாள். பையை இறக்கிவைத்ததும் வண்டியிடம்தான் போனாள். மீட்டரைப் பார்த்தாள். பேர் மாற்றின அன்று அப்பா அனுப்பியிருந்த போட்டோவில் இருந்த எண்ணைவிடத் தொண்ணூறு கிலோமீட்டர் கூடியிருந்தது. டேங்க் மூடியைத் திறந்தாள். விளிம்பு வரை பெட்ரோல் நின்றது. மீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவது. சக்கரம் சுற்றினால் போதும், எஞ்சின் ஓட வேண்டியதில்லை. மூடியைத் திருகி மூடிவிட்டு, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பா, ஒங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

அவர் துண்டை உதறினார். இன்னொரு தடவை உதறினார்.

"அம்மாட்ட சொல்லிராத தாயி."

பைபாஸ் பக்கம் லாரிகள் நிற்கும் பொட்டலில், விடிகாலையில் பாடம் நடந்தது. உதைக்க மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சூசைமாணிக்கம் சார் செய்வதை இருபது வருடமாகப் பார்த்தவர். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தினார். எஞ்சினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கிற டீகம்ப்ரசர் பிடியைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு இழை இறக்கினார். பிடியை விட்டார். ஒரே உதை. எஞ்சின் பிடித்துக்கொண்டது. தமிழ்மதி கைதட்டினாள்.

அதற்கு மேல்தான் சிக்கல். க்ளட்ச் என்றால் இரண்டு தட்டு, ஒன்றை ஒன்று தொடும்போது சக்கரத்துக்கு வேகம் போகும் என்று அவள் தரையில் படம் போட்டுக் காட்டினாள். அவர் தலையாட்டினார். க்ளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு முழம் முன்னே போனது. அவர் இரண்டு காலையும் ஊன்றி இழுத்துப் பிடித்தார். அணைந்துவிட்டது.

"தாயி, இது என்னைய இழுக்குது."

"இழுக்கத்தாம்ப்பா எஞ்சினு."

"அதில்ல. நான் தள்ளாம இது எப்படிப் போகுது?"

அவள் சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முப்பது வருடமாக ஒவ்வொரு வண்டியும் அவர் தள்ளினால்தான் நகர்ந்தது, விட்டால் நின்றது. தானாகப் போகிற எடையை அவர் உடம்பு நம்ப மறுத்தது. இதற்குப் படம் போட்டுக் காட்ட முடியாது.

அவள் வந்த லீவுகளிலெல்லாம் போனார்கள். ஏழு மாதம் ஆனது. ஐம்பத்தெட்டாவது வயதில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினார். ஓட்ட வந்துவிட்டது. ஆனால் ஒரு பழக்கம் போகவில்லை. எதிரே நாலு பேர் நின்றால், ஒரு ஆட்டோ குறுக்கே வந்தால், சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். இறங்கி உருட்டிக் கடந்துவிட்டு, மறுபடி உதைத்து ஏறுவார். வீட்டிலிருந்து ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் ஐந்து தடவை. அதனால் சண்முகவள்ளியை ஏறச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த மாசியில், ரெண்டாவது வாரம், ஸ்டாண்டில் யாருடைய ஸ்கூட்டரையோ வரிசையில் வைக்கும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுத்தான் கீழே சாய்ந்தார் என்று வாஹித் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அதற்கு இருபத்தைந்து நாள் முன்பு, தை மாதம், சண்முகவள்ளியின் அண்ணன் பொம்மையன் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. காலையில் அவள் பட்டுச்சேலை கட்டி, தாம்பாளப் பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தங்கமுத்து வண்டியை வாசலில் வைத்து உதைத்தார்.

"ஏறு."

"நெசமாவா?"

"ஏறு புள்ள."

அவள் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் சீட்டுக் கம்பியைப் பிடித்தாள், பிறகு அவர் தோளைப் பிடித்தாள். டவுனைத் தாண்டும்வரை அவர் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தே ஓட்டினார். நத்தம் ரோடு காலியாகக் கிடந்தது. மூன்றாவது கியர். தென்னந்தோப்புகள் போயின. அவள் ஏதோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை. திரும்பக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தலையைத் திருப்பினால் வண்டி திரும்பிவிடும்.

பாதி வழியில் ஒரு ஊரில் மாடுபிடி. காளை ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்து நின்றன. கூட்டம். தங்கமுத்து சாவியைத் திருப்பினார், இறங்கினார். அவளும் இறங்கப் பார்த்தாள்.

"நீ ஒக்காரு."

"கெறுக்கா ஒங்களுக்கு? அம்புட்டுப் பேரும் பாக்குறாக."

"பாக்கட்டும். ஒக்காரு."

ஒரு கையால் ஹேண்டில், இன்னொரு கையால் பின் சீட்டின் கம்பி. அந்தப் புள்ளியைத் தேடினார். அவள் எடையும் சேர்ந்து அது இடம் மாறியிருந்தது. ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். கிடைத்தது. வண்டி நகர்ந்தது.

"என்ன மாமா, பெட்ரோல் இல்லையா?" என்று ஒருவன் கேட்டான்.

"இருக்கப்பு. டேங்க் நெறைய."

"ஏலே, சப்பரம் வருது, வழி விடுங்கலே!" என்றான் இன்னொருவன். கூட்டம் சிரித்தது, விலகியது. சண்முகவள்ளி முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் முந்தானையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூட்டம் முடியும் இடத்தில் அவருக்கு மேல்மூச்சு வாங்கியது.

"செத்த நேரம் நில்லுங்க. மூச்சு வாங்குதில்ல."

"பாரமே தெரியல," என்றார்.

பொம்மையன் வீடு தெருக்கோடியில். வாசலில் பந்தல், ரேடியோ செட், ஆட்கள். இங்கேயும் அணைத்துவிட்டு உருட்டுவார் என்று அவள் நினைத்தாள். அவர் அணைக்கவில்லை. முதல் கியரில், பந்தல் கால் வரை மெதுவாகக் கொண்டுபோய், இரண்டு காலையும் ஊன்றி நின்றார். பொம்மையன் ஓடி வந்தார்.

"வாங்க மச்சான்! யாரோ எஸ்ஐன்னுல்ல பயந்துட்டேன் சத்தத்தக் கேட்டு."

தமிழ்மதிக்கு அன்று ஓசூரில் காலை ஷிஃப்ட். லீவு போட்டிருக்கலாம். போடவில்லை. இதெல்லாம் அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். எத்தனை தடவை கேட்டாலும் அம்மா மாற்றாமல் சொல்கிறாள்.

"எறங்கு புள்ள, வீடு வந்துருச்சு," என்றார் தங்கமுத்து.

"எறங்குறேன். இருங்க."

அவள் கை தோளிலேயே இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது அவரைக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டியது, அவளையும் ஆட்டியது. உள்ளேயிருந்து யாரோ காப்பிக்குக் கூப்பிட்டார்கள். அவர் சாவியைத் தொடவில்லை.